கேள்வி–பதில்: காரீயம் பொன்னாகும் இடம்

சென்ற இதழில் அணுக்கருக்களை மோதவிட்டு ஆராயும் ஆய்வுக்கூடங்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் காரீயத்தைத் தங்கமாக மாற்றிவிட்டார்கள் என்று 2025 இல் வந்த செய்தியை என் மகன் கைப்பேசியில் காட்டினான். நானோ சிராங்கூன் சாலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தங்கத்தின் விலை ஏறியிருக்கவே காண்கிறேன். செய்தி உண்மையா? உண்மையென்றால் விலை இறங்குமா?
— தெம்பனிஸ் வாசகி

செய்தி உண்மை, விலை இறங்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த ஆய்வுத்துறையின் வழிமுறை முழுவதும் இந்த ஒரு செய்திக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் வீட்டு ஈயச்சொம்பில் உள்ள ஈயம் வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுவே. செய்தியில் வரும் உலோகம் காரீயம், அதாவது நஞ்சுள்ள, கனமான, கறுத்த ஈயம். காரீயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்களும், அதன் மிகுதியான வகையில் 126 நியூட்ரான்களும் உள்ளன. தங்கத்துக்கு 79 புரோட்டான்கள். மூன்று புரோட்டான்களைக் கழற்றிவிட்டால் காரீயம் தங்கமாகிவிடும் என்பது கணக்கு. ஒன்றைக் கழற்றினால் தாலியம், இரண்டைக் கழற்றினால் பாதரசம், மூன்றாவதற்குத்தான் பொன். ரசத்தை வைத்துப் பொன் செய்ய முயன்றதால் ரசவாதம் என்று பெயர் பெற்ற கலையை நம் சித்தர் மரபு அறியும். காரீயத்திலிருந்து பொன்னுக்கு இறங்கும் படிக்கட்டில் பாதரசம் கடைசிக்கு முந்திய படியாக இருப்பதைக் காணும்போது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருசேர வருகின்றன. அது தற்செயல்தான், அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம்.

செர்ன் ஆய்வகத்தில் துகள்களை முடுக்கி மோதவிடும் பெரும் ஹாட்ரான் மோதுவியில் இரு காரீயக் கற்றைகள் எதிரெதிராக, ஒளியின் வேகத்தில் 99.999993 விழுக்காட்டு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டு அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதினால் இரண்டுமே சிதைந்துவிடும். அங்கே பொன்னுக்கு இடமில்லை. பொன் பிறப்பது அவை மோதாமல் ஒன்றையொன்று உரசுவதுபோல் கடந்து செல்லும்போதுதான். 82 புரோட்டான்களின் மின்புலம் அந்த வேகத்தில் தட்டையாக ஒடுங்கி, எதிரில் வரும் அணுக்கருவின்மீது ஒரு கணப்பொழுது வலிமையான ஒளித்துடிப்பைப்போல் பாய்கிறது. அந்தத் தாக்குதலில் அணுக்கரு அதிர்ந்து, சில நியூட்ரான்களையும், அரிதாகச் சில புரோட்டான்களையும் உதிர்த்துவிடுகிறது.

சரி, பொன் பிறந்தது எப்படித் தெரியும்? பொன்னை யாரும் பார்க்கவில்லை. ஆலிஸ் என்னும் ஆய்வுக்குழுவினர் பார்த்தது உதிர்ந்தவற்றைத்தான். மோதுமிடத்திலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 112 மீட்டர் தொலைவில், கற்றைக்குழாயை ஒட்டிச் சிறு கருவிகள் உள்ளன. நியூட்ரான்களுக்கானதன் முகம் ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டர், நீளம் ஒரு மீட்டர். டங்ஸ்டன் கலப்புலோகத்துக்குள் குவார்ட்ஸ் இழைகள் செருகப்பட்டிருக்கும். மின்னூட்டம் இல்லாத நியூட்ரான் நேராக வந்து அதில் விழும். புரோட்டானைக் காந்தங்கள் ஒதுக்கிப் பக்கத்திலுள்ள இன்னொரு கருவிக்கு அனுப்பும். விழுந்த ஆற்றலின் அளவைக்கொண்டு எத்தனை நியூட்ரான்கள், எத்தனை புரோட்டான்கள் என்று எண்ணிவிடலாம். மூன்று புரோட்டான்கள் வந்து சேர்ந்தால், விட்டுவந்த வீட்டில் 79 பேர் மிச்சம் என்று பொருள். உண்டியலைத் திறக்காமல், வெளியே எடுத்த காசை மட்டும் எண்ணி உள்ளே இருப்பதைச் சொல்வது போன்றது இது.

இந்தக் கணக்கின்படி, 2015 முதல் 2018 வரையிலான காலத்தில் மோதுவியின் நான்கு பெரிய ஆய்வு நிலையங்களிலும் சேர்த்து உண்டான பொன் அணுக்கருக்கள் ஏறத்தாழ 86 பில்லியன். எண்ணிக்கை மலைக்க வைக்கும். எடையோ 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை ஒரு டிரில்லியன் பங்காக்கி அதில் 29 பங்கு. அதே வேகத்தில் ஒரு பவுன் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு டிரில்லியன் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயதே 13.8 பில்லியன் ஆண்டுகள்தான். அதோடு, பிறந்த பொன்னும் நிலைக்காது. அடுத்த கணமே குழாய்ச்சுவரிலோ தடுப்புகளிலோ மோதிச் சிதறிவிடும். தங்கள் வளையல்களின் மதிப்புக்குச் செர்ன் ஆய்வகத்தால் எந்த ஆபத்தும் இல்லை.

பொன்னையும் பார்க்கவில்லை, மோதலையும் பார்க்கவில்லை என்கிறீர்கள். பிறகு பல்லாயிரம் டன் கருவி எதற்கு? அது என்னதான் செய்கிறது?
— ஜூரோங் வெஸ்ட், ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்

ஆலிஸ் கருவியின் எடை 10,000 டன். நீளம் 26 மீட்டர், உயரம் 16 மீட்டர். பிரான்ஸ் நாட்டு எல்லைக்குள், தரைக்கு 56 மீட்டர் கீழே இருக்கிறது. மோதல் நிகழும் இடமோ ஓர் அணுக்கருவின் அளவு. நிகழும் நேரமோ ஒளி அந்த அணுக்கருவைக் கடக்க எடுக்கும் நேரத்தைப் போலச் சில மடங்கு. அந்த நேரத்துக்குள் எந்தக் கருவியும் எதையும் படம்பிடிக்க முடியாது. ஆகையால் கருவி செய்வது ஒன்றே ஒன்று: வெடித்துப் பறந்தவற்றைப் பிடித்து, ஒவ்வொன்றும் எது, எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு வந்தது என்று பதிவது. ஒரு நேர்மோதலில் மின்னூட்டமுள்ள துகள்கள் மட்டுமே பல ஆயிரம் கிளம்பும்.

தாங்கள் தொழில்நுட்பர் என்பதால் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அருகில் போய்ப் பார்ப்போம். கருவியின் நடுவே 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் நியான், கரியமிலவாயு, நைட்ரஜன் ஆகியவற்றின் கலவை ஏறத்தாழ 90 கன மீட்டர் நிரம்பியிருக்கிறது. உருளையின் நடுவில் ஒரு மெல்லிய தகடு. அதற்கு 100,000 வோல்ட் கொடுத்திருக்கிறார்கள். மின்னூட்டமுள்ள ஒரு துகள் வாயுவின் ஊடே பாயும்போது வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகிறது. துகள் போய்விட்டது, அது நடந்த பாதையில் எலக்ட்ரான்கள் மட்டும் கோடாக நிற்கின்றன. தகட்டின் மின்னழுத்தம் அந்தக் கோட்டை அப்படியே, வடிவம் குலையாமல், உருளையின் இரு முனைகளையும் நோக்கித் தள்ளுகிறது. முனையில் நுண்துளைகளிட்ட மெல்லிய தாள்கள் நான்கு அடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. துளைக்குள் நுழையும் ஓர் எலக்ட்ரான் வெளியே வரும்போது பலவாகப் பெருகியிருக்கும். அவற்றின் மின்துடிப்பை அரை மில்லியனுக்கும் மேற்பட்ட சிறு கட்டங்கள் படிக்கின்றன.

எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பது இடத்தைக் குறிக்கும் மூன்று ஆயங்களில் இரண்டைத் தரும். எப்போது விழுந்தது என்பது மூன்றாவதைத் தரும், ஏனெனில் எலக்ட்ரான் வாயுவில் நகரும் வேகம் தெரிந்த ஒன்று. நேரத்தைத் தொலைவாக மாற்றும் இந்த யோசனை அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் நைக்ரனுடையது. 1974 இல் அவருக்குத் தோன்றியது. அதைவிட நயமான அளவைமுறை ஒன்றை நான் இந்தத் துறையில் கண்டதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எலக்ட்ரான்கள் முனைக்கு வந்து சேர 90 மைக்ரோவினாடிக்கும் மேலாகும். இப்போதைய மோதுவியோ வினாடிக்கு 50,000 காரீய மோதல்களைத் தரக்கூடியது. அதாவது 20 மைக்ரோவினாடிக்கு ஒன்று. ஒரு மோதலின் தடங்கள் பாதி வழியில் மிதந்துகொண்டிருக்கும்போதே அடுத்த மூன்று நான்கு மோதல்களின் தடங்கள் மேலே வந்து விழும். முன்பு வாயிலைத் திறந்து மூடும் முறையில் இயங்கிய கருவியை 2019 முதல் 2021 வரை நடந்த சீரமைப்பில் இடைவிடாது பதியும் கருவியாக மாற்றியது இதற்காகத்தான். வினாடிக்கு 3 டெராபைட்டுக்கும் மேலான தரவு கொட்டுகிறது. எந்தத் தடம் எந்த மோதலுக்குரியது என்று கணினிகள் பின்னர் பிரித்தெடுக்கின்றன.

தடம் காந்தப்புலத்தில் வளைந்த அளவு உந்தத்தைச் சொல்லும். வாயுவில் எவ்வளவு அடர்த்தியாக எலக்ட்ரான்களை விட்டது என்பதும், 3.7 மீட்டர் தள்ளியுள்ள இன்னொரு கருவிக்கு வந்து சேர எடுத்த நேரமும் துகளின் இனத்தைச் சொல்லும். மோதலில் மிகுதியாகப் பிறக்கும் பையான் என்னும் துகளும் அதே உந்தமுள்ள புரோட்டானும் ஓடினால் எடை குறைந்த பையான் முந்தும். அந்தப் பந்தயத்தின் வேறுபாட்டை 100 பிக்கோவினாடிக்கும் நுட்பமாக அளக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒளியே 3 சென்டிமீட்டர்தான் போகும்.

இப்படி மோதவிட்டதில் "குவார்க்–குளுவான் பிளாஸ்மா" கிடைத்தது என்றும், அது ஒரு திரவம் என்றும் படித்தேன். சில ஆயிரம் துகள்கள் சிதறி ஓடுவதைப் பார்த்து, அதற்கு முன் அது திரவமாக இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? வேண்டுமென்றே கேட்கிறேன்.
— அங் மோ கியோ வாசகர்

வேண்டுமென்றே கேட்டதற்கு நன்றி. இந்தத் துறையின் மிக அழகான பதில் இந்தக் கேள்விக்கு உரியது.

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. அவற்றைக் குளுவான்கள் பிணைக்கின்றன. ஏறத்தாழ 2 டிரில்லியன் டிகிரி வெப்பநிலையைத் தாண்டினால் அந்தப் பிணைப்பு நெகிழ்ந்து, குவார்க்குகளும் குளுவான்களும் பொதுக்குளத்தில் நீந்தும். பேரண்டம் பிறந்து சில மைக்ரோவினாடிகள் வரை எல்லாப் பொருளும் அந்நிலையில்தான் இருந்தது. அது வாயுவைப்போல் இருக்கும், துகள்கள் ஒன்றையொன்று அதிகம் பொருட்படுத்தாமல் திரியும் என்றே பலர் எண்ணியிருந்தனர்.

அமெரிக்காவின் லாங் தீவில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000 ஆம் ஆண்டு தங்க அணுக்கருக்களை மோதவிடத் தொடங்கினார்கள். இரண்டு உருண்டைகள் சற்று விலகி மோதினால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி உருண்டையாக இருக்காது. மாங்கொட்டையைப்போல் ஒருபுறம் நீண்டும் ஒருபுறம் ஒடுங்கியும் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த மாங்கொட்டைக்குள் இருப்பவை தனித்தனியே திரியும் துகள்களாக இருந்தால், அவை எல்லாத் திசையிலும் சமமாகவே சிதறும். தான் இருந்த கூட்டத்தின் வடிவம் என்ன என்பது தனியாக நடந்து போகிறவருக்குத் தெரியாது. ஆனால் அவை ஒன்றையொன்று இடைவிடாது நெருக்கிக்கொண்டிருந்தால், நடுவில் உள்ள அழுத்தம் விளிம்புக்கு வருவதற்குள் சுழியாக, அதாவது பூச்சியமாக, வேண்டும். ஒடுங்கிய பக்கத்தில் அந்த இறக்கம் செங்குத்தாகவும், நீண்ட பக்கத்தில் சரிவாகவும் இருக்கும். ஆகவே ஒடுங்கிய பக்கமாக அதிகத் துகள்கள் அதிக விசையோடு தள்ளப்படும்.

கண்டது இரண்டாவதைத்தான். துகள்கள் ஒரு தளத்தில் மிகுந்தும் அதற்குச் செங்குத்தான தளத்தில் குறைந்தும் வந்தன. அந்த வேறுபாடு, பாகுத்தன்மை ஏறக்குறைய இல்லாத ஒரு திரவத்துக்குக் கணக்கிட்டதோடு ஒட்டியிருந்தது. நெய்யைப்போல் இழுபடும் திரவமாக இருந்திருந்தால் மாங்கொட்டையின் நினைவு வழியிலேயே மழுங்கிப்போயிருக்கும். புரூக்ஹேவனின் நான்கு ஆய்வுக்குழுக்களும் 2005 ஏப்ரலில் இதை அறிவித்தபோது "குறையற்ற திரவம்" என்ற பெயர் நாளேடுகளில் பரவியது. அந்தப் பெயரில் எனக்கு முழு உடன்பாடில்லை. பாகுத்தன்மை மிகக் குறைவு, சுழி அன்று. "பெருவெடிப்பை மறுபடி நிகழ்த்தினார்கள்" என்ற தலைப்பிலும் அப்படியே. பேரண்டத்தில் மைக்ரோவினாடிகள் நின்ற நிலை இங்கே அதைவிடப் பல கோடி கோடி மடங்கு விரைவில் குளிர்ந்துவிடுகிறது. பொருள் ஒன்றுதான், வரலாறு வேறு.

இதே முறையைத் தலைகீழாகவும் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிதறலிலிருந்து தொடக்க வடிவத்தை ஊகிக்கலாமென்றால், மோதிய அணுக்கரு உருண்டையா நீள்வடிவமா என்பதையும் ஊகிக்கலாமல்லவா? யுரேனியம் அணுக்கருவின் நீண்ட வடிவத்தைப் புரூக்ஹேவனின் ஸ்டார் ஆய்வுக்குழு 2024 இல் இவ்வழியில் காட்டியது. 2025 ஜூலையில் பெரும் ஹாட்ரான் மோதுவியில் ஆக்சிஜனையும் நியானையும் மோதவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோதலில் உண்டாகும் சூடு நான்கு டிரில்லியன் டிகிரி என்கிறார்கள். அதை எந்த வெப்பமானியால் அளந்தார்கள்? குழாய் உருகாதா?
— யீஷூன், உயர்நிலை இரண்டு மாணவர்

தம்பி, கொல்லர் உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். இங்கும் அதே வழிதான். சூடான எப்பொருளும் ஒளி விடும். சூடு ஏற ஏற ஒளித்துகள்களின் ஆற்றலும் ஏறும். குவார்க்–குளுவான் குழம்பு வெளியிடும் ஒளித்துகள்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அவை குழம்பில் சிக்கிக்கொள்வதில்லை, நேராக வெளியே வந்துவிடும். தொல்லை என்னவென்றால், பின்னர் பிறக்கும் பையான்கள் சிதையும்போதும் ஒளித்துகள்கள் வரும். அவைதான் மிகப் பெரும்பான்மை. அவற்றைக் கவனமாகக் கணக்கிட்டுக் கழித்தபின் மிஞ்சும் சிறுபகுதியிலிருந்து, புரூக்ஹேவனின் ஃபீனிக்ஸ் குழு 2010 இல் 4 டிரில்லியன் டிகிரி என்ற அளவைத் தந்தது. சூரியனின் நடுப்பகுதி 15 மில்லியன் டிகிரிதான். கழித்தல் சரியாக இல்லாவிட்டால் விடை முழுவதும் தவறிவிடும் என்பதால், அந்தக் குழுவின் உழைப்பில் பெரும்பங்கு அதற்கே போயிருக்கும்.

குழாய் உருகாது. சூடு வேறு, வெப்பத்தின் அளவு வேறு. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடிக்கும்போது ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட பொறிகள் கையில் விழுகின்றன, கை வேகிறதா? பொறி அவ்வளவு சிறியது. காரீய மோதல் ஒன்றின் மொத்த ஆற்றல், பறக்கும் கொசுக்கள் ஆயிரத்தின் இயக்க ஆற்றலுக்குச் சமம். அவ்வளவையும் ஓர் அணுக்கருவின் இடத்துக்குள் அடைப்பதில்தான் வித்தை இருக்கிறது.

இதனால் கருந்துளை உண்டாகி உலகம் அழியும் என்று புலனக்குழுவில் ஒருவர் அனுப்பியிருந்தார்.
— பிடோக் வாசகி

அழியாது. விண்ணிலிருந்து வரும் கதிர்களில் இதைவிட ஆற்றல் மிகுந்தவை பல பில்லியன் ஆண்டுகளாக நிலவின்மீதும் மற்றக் கோள்களின்மீதும் மோதிக்கொண்டிருக்கின்றன. நிலவு அங்கேயேதான் இருக்கிறது. அனுப்பியவருக்கு இதை அனுப்பிவிடுங்கள்.

செர்ன் வளாகத்தில் நடராசர் சிலை இருப்பது ஏன்? அறிவியலாளர்கள் ஆடல்வல்லானை ஏற்றுக்கொண்டார்கள் என்று கொள்ளலாமா?
— தோ பாயோ வாசகர்

அது இந்திய அரசின் அன்பளிப்பு. 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. செர்ன் ஆய்வகத்தோடு இந்தியாவுக்குள்ள நெடுங்கால உறவின் அடையாளம் என்பதற்கு மேல் அதில் ஏற்பும் மறுப்பும் இல்லை. என் கண்ணுக்கு அந்தச் சிலையைவிடப் பெருமை தருவது வேறொன்று. ஆலிஸ் கருவியில் ஒளித்துகள்களை எண்ணும் பகுதி ஒன்று இந்தியாவில் உருவானது. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூயான்களைப் பதியும் பகுதிக்கான "மானஸ்" என்னும் மின்னணுச் சில்லு கொல்கத்தாவின் சாஹா ஆய்வுக்கழகத்தில் வடிவமைக்கப்பட்டது. சிலையை எல்லாரும் படமெடுக்கிறார்கள். சில்லை யாரும் எடுப்பதில்லை.

என் கணவருக்குப் புரோட்டான் சிகிச்சை பற்றி மருத்துவர் பேசினார். அதுவும் கனமான அணுக்கருக்களை மோதவிடும் இந்தக் கனஅயனி ஆய்வும் ஒன்றா?
— உட்லண்ட்ஸ் வாசகி

ஒரே குடும்பம், வேறு வேறு வீடு. மின்னூட்டமுள்ள துகள் பொருளுக்குள் செல்லும்போது தொடக்கத்தில் கொஞ்சமாகவே ஆற்றலை இழந்து, வேகம் குறையக் குறைய அதிகமாக இழந்து, நிற்கும் இடத்தில் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். வில்லியம் பிராக் இதை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். துகளின் வேகத்தைச் சரியாக அமைத்தால் அது நிற்கும் இடம் கட்டியின் உள்ளேயே இருக்கும்படி செய்யலாம். அதற்குப் பின்னால் உள்ள உறுப்புக்கு ஏறக்குறைய ஒன்றும் போகாது. ராபர்ட் வில்சன் என்னும் இயற்பியலாளர் 1946 இல் இதை மருத்துவத்துக்குப் பரிந்துரைத்தார். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023 முதல் புரோட்டான் சிகிச்சை அளிக்கப்படுகிறது. புரோட்டான் என்பது ஹைட்ரஜனின் அணுக்கரு, ஆகவே அது கனஅயனி அன்று. கார்பன் அணுக்கருவைப் பயன்படுத்தும் சிகிச்சைக்குத்தான் அப்பெயர் பொருந்தும். ஜப்பானின் சீபா நகரில் 1994 முதல் அது நடக்கிறது. கனஅயனி மோதல் ஆய்வுக்கென்றே பெயர்பெற்ற ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகமும் 1997 முதல் சில ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கார்பன் கற்றையால் சிகிச்சை அளித்தது. எந்தச் சிகிச்சை தங்கள் கணவருக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கட்டியின் இடத்தைப் பொறுத்து வழக்கமான கதிர்வீச்சே போதுமானதாகவும் இருக்கலாம்.

துகளின் தடத்தை வீட்டிலேயே பார்க்கலாம் என்று சென்ற இதழில் எழுதினீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் முடியுமா?
— புக்கிட் பாத்தோக், தந்தையும் மகளும்

முடியும், முதல் முறை எனக்கு முடியவில்லை. கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் அடிப்பகுதியில் பஞ்சுத்துணியை ஒட்டி ஐசோபுரொப்பைல் சாராயத்தால் நனைத்து, கறுப்புத் தாள் ஒட்டிய உலோகத் தட்டின்மேல் வைத்து, தட்டுக்குக் கீழே உலர்பனியைப் பரப்ப வேண்டும். உலர்பனி −78.5 டிகிரியில் இருக்கும். மேலே ஆவியாகும் சாராயம் கீழே இறங்கிக் குளிர்ந்து, திரவமாக மாறத் துடித்தும் மாறாமல் தட்டின்மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். அவ்வழியே துகள் பாய்ந்தால், அது விட்டுச்சென்ற அயனிகளைச் சுற்றித் துளிகள் திரண்டு வெள்ளைக்கோடு தெரியும். சார்லஸ் வில்சன் (மேலே சொன்ன ராபர்ட் வில்சன் அல்லர்) கண்டுபிடித்த முகில் அறையின் எளிய வடிவம் இது. அவருக்கு 1927 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நான் செய்த தவறு, கைகழுவ வைத்திருந்த 70 விழுக்காட்டுச் சாராயத்தை ஊற்றியதுதான். ஒரு மணிநேரம் இருட்டில் கைவிளக்கோடு உட்கார்ந்திருந்தேன். தட்டின்மேல் உறைபனி படர்ந்ததே தவிரக் கோடு எதுவும் வரவில்லை. மீதி 30 விழுக்காடு தண்ணீர், அதோடு நம் ஊர்க் காற்றின் ஈரம் வேறு. மறுமுறை 99 விழுக்காட்டுச் சாராயம் வாங்கி, தொட்டியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்தேன். பத்து நிமிடம் கழித்து முதல் கோடு வந்தது: நூல்போல் நேராக, ஒரு விரல் நீளத்தில் தோன்றிச் சட்டென்று கீழே கரைந்தது. என் மனைவியை அழைப்பதற்குள் இன்னும் இரண்டு வந்துவிட்டன.

மெல்லியதாக நேரே செல்பவை பெரும்பாலும் மியூயான்கள். விண்கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறப்பவை. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் நம்மைத் துளைத்துச் செல்கின்றன. குட்டையாகத் தடித்து வருபவை காற்றிலுள்ள ரேடான் என்னும் கதிரியக்க வாயுவின் ஆல்ஃபாத் துகள்கள். கோணல்மாணலாகச் சுற்றுபவை எலக்ட்ரான்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கு விண்கதிர் சற்றுக் குறைவாகவே கிடைக்கிறது. பூமியின் காந்தப்புலம் இங்கே அதிகமாகத் தடுக்கிறது. நெதர்லாந்துக்கும் ஜாவாவுக்கும் இடையே கப்பலில் போகும்போது யாக்கோப் கிளே என்பவர் 1927 இல் இந்தக் குறைவை அளந்து கண்டார். மியூயான்களின் தொல்லையே வேண்டாம் என்றால் ஆழத்துக்குத்தான் போகவேண்டும். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறந்து எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்னும் துகளின் தடயத்தை 1965 இல் பிடித்தார்கள்.

மகளுக்கு எச்சரிக்கை: உலர்பனியை வெறுங்கையால் தொடக்கூடாது, மூடிய குப்பியில் அடைக்கக்கூடாது, சன்னல்களைத் திறந்தே வைக்க வேண்டும். சாராயத்தின் பக்கத்தில் தீ, சாமி விளக்கு உட்பட, எதுவும் இருக்கக்கூடாது.

தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். உண்மையான மோதல் தரவில் கைவைக்க ஆசை. சிங்கப்பூர் செர்ன் ஆய்வகத்தின் உறுப்பு நாடு இல்லையே, வாய்ப்பு உண்டா?
— தொடக்கக் கல்லூரி மாணவி

உறுப்புரிமை ஒரு தடையன்று. ஆய்வுத்தரவின் ஒரு பகுதியைச் செர்ன் 2014 முதல் பொதுவில் திறந்துவைத்திருக்கிறது. 15 முதல் 19 வயதினருக்காக நடக்கும் பன்னாட்டுத் துகள் இயற்பியல் வகுப்புகளின் பயிற்சி ஒன்று ஆலிஸ் தரவை வைத்தே அமைந்தது. அதிலிருந்து தொடங்கும்படி பரிந்துரைக்கிறேன்.

அந்தப் பயிற்சியில் நீங்கள் தேடப்போவது கவட்டையை. மின்னூட்டமில்லாத கேயான் என்னும் துகள் தடம் விடாது. மோதுமிடத்திலிருந்து சில சென்டிமீட்டர் போனபின் இரண்டு பையான்களாகச் சிதையும். ஆகவே வெற்றிடத்திலிருந்து திடீரென்று இரு தடங்கள் கவட்டைக் கிளைபோல் பிரிந்து, காந்தப்புலத்தில் எதிரெதிராக வளைந்து செல்லும். லாம்டா என்னும் துகளும் அப்படியே. அது புரோட்டானாகவும் பையானாகவும் பிரியும். இரு தடங்களின் உந்தத்தையும் அளந்து தாய்த்துகளின் நிறையைக் கணக்கிட்டால் கேயானுக்கு 498, லாம்டாவுக்கு 1116 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகளின் நிறையைச் சொல்லும் அலகு) வரவேண்டும். ஒரு தனிக் கவட்டையைக் காட்டி இது கேயான்தானா, அல்லது தற்செயலாகக் குறுக்கிட்ட இரு தடங்களா என்று கேட்டால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சில நூறு கவட்டைகளை வரைபடத்தில் அடுக்கினால் 498 அருகே ஒரு மேடு எழும். பின்னணி தட்டையாகக் கிடக்கும்.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு பயன் உண்டு. இவ்விரு துகள்களிலும் உள்ள, விந்தைக் குவார்க் என்னும் குவார்க் வகை காரீயத்தில் முன்பே இருந்ததன்று, மோதலில் பிறந்தது. குவார்க்–குளுவான் குழம்பு உண்டானால் அவை மிகுதியாகப் பிறக்கும் என்று ராஃபெல்ஸ்கியும் முல்லரும் 1982 இல் எழுதினார்கள். காரீய மோதல்களில் அந்த மிகுதி காணப்பட்டது. பின்னர், துகள்கள் அதிகமாகக் கிளம்பும் புரோட்டான்–புரோட்டான் மோதல்களிலும் அதே போக்கு தென்படுவதை ஆலிஸ் குழு 2017 இல் வெளியிட்டது. அவ்வளவு சிறிய மோதலில் அது எப்படி வந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நீங்கள் பல்கலைக்கழகம் முடிக்கும்போதும் ஓய்ந்திராது என்று நினைக்கிறேன், அதனால் அவசரம் வேண்டாம்.

ஒரு குறிப்பு மட்டும். 1116 இல் மேடு எழாவிட்டால், புரோட்டானின் நிறையைத் தவறிப்போய் எதிர்மின் தடத்துக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். கொடுத்தும் மேடு எழுந்தால் பதற வேண்டாம். அது எதிர்ப்புரோட்டான், அதாவது புரோட்டானின் எதிர்மின் இணை, உங்கள் கையில் இருப்பது எதிர்-லாம்டா, அதற்கும் அதே 1116 தான்.